இருபது குரோனரில் நான்கு கைகள்

பேர்கன்
12 ஜனவரி 2025

கஜிக்கு,

திகைக்காதே, நான்தான். உன் புருசனின் அக்கா யோகராணி. ஐந்து வருடமாக உன்னோடு கதைக்காத அதே மச்சாள். "இனி உனக்கு என்ரை வாயாலை ஒரு சொல்லும் வராது" என்று அன்றைக்கு மண்டப வாசலில் வைத்துச் சொன்னேன். அதில் இன்னும் நிற்கிறேன். வாயால் கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், கையால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடதாசி.

கஜி, எங்களைக் காசில் அடிக்கப் போகிறார்கள்!

செய்தியில் பார்த்திருப்பாய். நாட்டின் பதினைந்து மாகாணங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய இருபது குரோனர் நாணயம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற காசு இல்லை, கடையில் மாறுகிற சாதாரணக் காசு. எங்கள் வடகோடிப் பின்மார்க் மாகாணத்துக்கு எந்தப் படம் தெரிவானது தெரியுமா? ஒரு பெரிய டொர்ஸ்க் மீன், அதன் மேல் இரண்டு கத்திகள், நான்கு கைகள். முகம் இல்லை. ஸ்டோர்விக் மீன் தொழிற்சாலையில் 2002இல் எடுத்த படமாம். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்ததாம். அதைப் பார்த்துத்தான் கலைஞர் கீறியிருக்கிறார்.

அருங்காட்சியகத்து இங்க்ரிட் என்னைத் தேடிப் பிடித்தாள். ஒரு சோடிக் கை இடக்கைக்காரியின் கை. அந்த ஆலையில் ஒரேயொரு இடக்கைக்காரி நான்தான் என்று பழைய மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் எனக்கு எதிரே நிற்பது ஆர்? நீ! நான்கு வருடம் என் கத்திக்கு எதிரே நின்றது நீதானே!

இப்போது விசயத்துக்கு வாறேன். உயிரோடு இருக்கிறவர்களின் கை என்றபடியால் இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்து வைக்க வேண்டும். மார்ச் 31 கடைசி நாள். ஒன்று குறைந்தாலும் படம் போய்விடும். இரண்டாவதாக வந்த படத்தைத்தான் அடிப்பார்களாம். அது என்ன தெரியுமா? ராட்சத நண்டு. நண்டிடம் யாரும் சம்மதம் கேட்கத் தேவையில்லை, பார்.

படத்தின் பிரதியும் சம்மதக் கடதாசியும் உள்ளே இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்னோடு கோபமென்றால் கோபத்தோடு போடு.

யோகராணி


ஹொல்ம்லியா, ஒஸ்லோ
20 ஜனவரி 2025

மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகமாக இருப்பதாக உங்கள் தம்பி இரவி அவ்வப்போது சொல்வார். ஆகவே அதைத் தனியாக விசாரிக்கவில்லை.

முதலாவது, இந்த நாட்டில் இன்று யார் நாணயம் பாவிக்கிறார்கள்? பாண் வாங்குவதும் கைபேசியால், கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுப்பதும் கைபேசியால். கடைசியாக ஒரு நாணயம் என் கையில் எப்போது இருந்தது என்று யோசித்தேன். நினைவில் இல்லை. யாரும் தொடாத ஒரு பொருளில் படம் போட்டு ஒரு மாகாணத்தைக் கௌரவிப்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, அவை ரப்பர் கையுறைகள். உள்ளே யாருடைய கை இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பெயர் ஒட்டாத போத்தலில் தண்ணீர் வந்தால், "இது இந்த ஏரியின் தண்ணீர் போல இருக்கிறது" என்று நான் எழுதிக் கொடுப்பதில்லை.

மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிரிவுத் தலைவி பதவி கிடைத்ததற்கு இரவி மண்டபம் எடுத்து ஒரு விருந்து வைத்தார். என் மேலதிகாரிகளும் வந்திருந்தார்கள். நீங்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கடை கஜி மீன் வெட்டின கையாலைதான் உந்தப் பதவியையும் பிடிச்சவ" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ நோர்வேஜிய மொழியில் சொல்ல, என் மேலதிகாரியும் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் பட்டம் எடுத்துவிட்டு வந்து நான்கு வருடம் குளிரில் மீன் வெட்டியது எனக்குச் சிரிப்பான கதை அல்ல. அந்தக் கதையை இனி எடுக்க வேண்டாம் என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் என்னை விட்டே போனீர்கள். இப்போது அதே கதையை நாடு முழுவதற்கும் சொல்லக் கையெழுத்துக் கேட்கிறீர்கள்.

போட மாட்டேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் நந்திதா என்று மதுரைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இந்த நாணயங்களைச் சேர்க்கப் போவதாகத் துள்ளிக்கொண்டிருக்கிறாள். "பதினஞ்சையும் சேத்துடுவேன் மேடம், பாருங்க" என்கிறாள்.

நீங்கள் அனுப்பிய பிரதி மங்கல். தெளிவான படம் இருந்தால் அனுப்பலாம். சரிபார்க்க மட்டும்.

கஜேந்தினி


பேர்கன்
27 ஜனவரி 2025

கஜி,

சரிபார்க்கவோ? பார்! நன்றாகப் பார்! இங்க்ரிட்டிடம் கேட்டுப் பெரிய படமாகவே எடுத்து அனுப்புகிறேன், மடிக்காமல் மட்டை வைத்து.

உனக்கு மறந்துவிட்டதா? இயந்திரத்துக்குள் போகாத பெரிய மீன்களை இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று வெட்டுவோம். என் இடக்கைக்கு எதிரே வலக்கைக்காரி நின்றால்தான் இரண்டு கத்தியும் ஒரே பக்கமாகப் போகும். மற்றவர்கள் என்னோடு நிற்கப் பயந்தார்கள். நீ மட்டும்தான், "வாங்கோ மச்சாள், ஒருத்தரை ஒருத்தர் குத்தாமல் வெட்டுவம்" என்று வந்து நின்றாய்.

மண்டபக் கதையை எழுதியிருந்தாய். நான் உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. என் தம்பியின் மனுசி, என்னோடு நின்று மீன் வெட்டினவள், இன்றைக்கு ஒஸ்லோ குடிக்கிற தண்ணீருக்குப் பொறுப்பாக இருக்கிறாள் என்ற பெருமையில், புளுகத்தில் சொன்னேன். சொன்ன விதம் பிழை என்றால் பிழைதான். சொன்ன விசயம் பிழை இல்லை.

இஞ்சை பேர்கனில் என்ன நடக்கிறது என்று கேள். ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பேர், "அது எங்கடை அம்மாவின்ரை கை" என்று வந்துவிட்டார்கள். செபஸ்ரியன் அண்ணை அதைவிட மேலே. "பிள்ளை, உது என்ரை கையெல்லோ" என்கிறார். "அண்ணை, நீங்கள் குளிர் அறையிலை பெட்டி தூக்கினனீங்கள்" என்றேன். "ஒருநாள் வெட்டினனான்" என்கிறார். ஒருநாளாம்!

எல்லோரும் அந்தக் கையைத் தங்கள் கை என்கிறார்கள். நீ ஒருத்திதான் உன் கையை வேண்டாம் என்கிறாய்.

நண்டை நினைத்துக்கொள்.

யோகராணி


ஹொல்ம்லியா
9 பெப்ரவரி 2025

மச்சாளுக்கு,

படம் வந்த நாளிலிருந்து குசினி மேசையில் கிடக்கிறது. எடுத்து வைக்க மனமில்லை. தேத்தண்ணீர் ஊற்றும்போது பார்க்கிறேன், சோறு வடிக்கும்போது பார்க்கிறேன்.

இரவி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "இது அக்கா. மற்றது நீர். வேறை ஆர்?" அவர் சொல்வதை நான் சான்றாக எடுப்பதில்லை. தன் சப்பாத்தையே அடையாளம் தெரியாத மனிதர். ஆனால் எனக்குள் ஏதோ குதித்தது.

மகள் யதுர்ஷா பள்ளியால் வந்து படத்தைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் ஃபிஸ்கெப்ரூக்கிலையோ வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள். மீன் தொழிற்சாலையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பதினேழு வயது. அவளுக்கு இது தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஓம்" என்றேன். "உண்மையாவோ? கத்தியோடையோ?" "கத்தியோடைதான்." "குல்!" என்றாள், அதாவது பிரமாதமாம். அவள் எனக்கு அந்தச் சொல்லைச் சொன்னது இதுவே முதல் தடவை.

நேற்று ரயிலேறி குரோன்லாண்டு மீன் கடைக்குப் போய் முழு டொர்ஸ்க் ஒன்று வாங்கினேன். பிடி எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை. பலகையில் வைத்துக் கத்தியை எடுத்தேன். மச்சாள், நான் யோசிக்கத் தொடங்கமுன் கத்தி செவுளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கையை யாரும் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு போனது. யதுர்ஷா கைபேசியில் படம் பிடித்தாள். இரவி கதவடியில் நின்று கைதட்டினார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கத்தால் அல்ல.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை நான் எழுதுவேன் என்று நானே நினைத்திருக்கவில்லை. அவை என் கைகள். இருபது குரோனரில் என் கைகள்! ஆய்வுகூடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் நேற்றிலிருந்து குசினிக் கோப்பைகளைத் தேவைக்கு மேல் வேகமாகக் கழுவுகிறேன்.

கடதாசி உறைக்குள் இருக்கிறது. நாளை ஆய்வுகூடத்துப் பெரிய உருப்பெருக்கியில் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தபாலில் போடுவேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

கஜேந்தினி


ஹொல்ம்லியா
11 பெப்ரவரி 2025

மச்சாளுக்கு,

அவை என் கைகள் அல்ல.

உருப்பெருக்கியின் கீழ் படத்தை வைத்தபோது நந்திதா பக்கத்தில் வந்து நின்றாள். "நல்ல படம் மேடம், யாரோட கை?" என்றாள். "வடக்கில் யாரோ" என்றேன். அவள் குனிந்து பார்த்து, "இந்தம்மா மட்டும் ரெண்டு க்ளவுஸ் போட்டிருக்காங்களே, ஏன்?" என்றாள்.

பார்த்தேன். வலக்கைக்காரியின் மணிக்கட்டில் ரப்பர் மடிப்பு ஒன்றல்ல, இரண்டு. நாங்கள் எல்லோரும் உள்ளே கம்பளி, வெளியே ஒரு ரப்பர் என்றுதான் போட்டோம். ரப்பருக்கு மேல் இன்னொரு ரப்பர் போட்டது அந்த ஆலையில் ஒரே ஒருவர். "ஒண்டு மீனுக்கு, மற்றது எனக்கும் மீனுக்கும் நடுவிலை" என்று சொல்லிச் சொல்லிப் போடுவாவே, நினைவிருக்கிறதா? கமலாதேவி அக்கா. சுத்த சைவம். முட்டைகூடத் தொடாதவ. வேலை முடிந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் விளக்கேற்றுவா.

இதைக் கண்டபின் மற்றதும் நினைவுக்கு வந்தது. 2002 வசந்தத்தில் என்னை உங்கள் எதிரிலிருந்து மாற்றி, புழு பார்க்கும் மேசைக்கு விட்டார்கள். கீழே வெளிச்சம் எரியும் கண்ணாடியில் மீன் துண்டுகளைப் பரப்பி, புழு இருந்தால் கிள்ளி எடுக்க வேண்டும். இரண்டு மாதம் அதைச் செய்தேன். என் இடத்துக்கு வந்தவ கமலாதேவி அக்கா.

உறையைத் திறந்து கடதாசியைக் கிழித்துவிட்டேன். இவ்வளவு கவலையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. புதிய கடதாசி ஒன்று அனுப்புங்கள், அவவின் பெயருக்கு.

கஜேந்தினி


பேர்கன்
17 பெப்ரவரி 2025

கஜி, என்ரை கஜி,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக் குசினியில் நின்றபடியே வாசித்தேன். முதலில் "விசர்" என்று கத்தினேன். பிறகு படத்தை எடுத்து மூக்கில் முட்டப் பார்த்தேன். இரண்டு மடிப்பு. உண்மைதான். கமலாதேவி அக்காதான். ஒவ்வொரு மீனுக்கும் முதல் "முருகா" என்பா, பிறகு வெட்டுவா. எங்கள் எல்லோரையும்விட வேகம்.

போச்சு. எல்லாம் போச்சு! அவ சம்மதிப்பாவோ? பியோர்ண்டாலில் இருந்துகொண்டு கோயில் மடைப்பள்ளியையே நடத்துகிறவ. அவவின் மனுசன் சிறீஸ்கந்தராசா அண்ணை நிர்வாக சபையில். வடக்கில் தான் கந்தோரில் எழுத்து வேலை பார்த்ததாகத்தான் ஒஸ்லோவில் சொல்லி வைத்திருக்கிறா. அது எனக்குத் தெரியும், ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடச் சொன்னவ. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்று சொல்லட்டுமா? கோபிக்காதே. நீயே கையெழுத்தைப் போடு. ஆருக்குத் தெரியப் போகிறது? அந்த இடம் உன்னுடைய இடம்தான். நான்கு வருடத்தில் இரண்டு மாதம்தானே நீ அங்கே நிற்கவில்லை. படம் பிடிக்கிறவன் அந்த இரண்டு மாதத்தில் வந்தது அவனுடைய பிழை. அவவுக்கும் நிம்மதி, உனக்கும் சந்தோசம், காசிலும் கை. இல்லாவிட்டால் நண்டு, கஜி. நண்டு!

புதிய கடதாசியில் பெயர் எழுதவில்லை. வெறுமையாக அனுப்புகிறேன். நீ யோசி.

ராணி


ஹொல்ம்லியா
2 மார்ச் 2025

மச்சாளுக்கு,

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. ஒரு முழு மாலை பேனையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காசைக் காணும் ஒவ்வொரு தடவையும் நான் அந்த இரண்டாவது மடிப்பைத்தான் பார்ப்பேன். அது எனக்கு வேண்டாம்.

ஆகவே சனிக்கிழமை பியோர்ண்டாலுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே வடை மணம். அக்கா வடிவாகச் சேலை உடுத்து நின்றா. சிறீ அண்ணை கதிரையில் பேப்பரோடு.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். படத்தை மேசையில் வைத்துக் காசுக் கதையைச் சொன்னேன்.

"உது எங்கை எடுத்த படம்?"

"ஸ்டோர்விக், அக்கா. மீன் தொழிற்சாலை."

"நான் அங்கை கந்தோரிலை எல்லோ இருந்தனான்."

"அக்கா, நான் உங்களுக்குப் பக்கத்து மேசையிலை நிண்டனான்."

சிறீ அண்ணையின் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. அக்கா எழும்பிப் போய் வடைத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. கோபமென்றாலும் தட்டு வரும்.

"பிள்ளை, கோயிலிலை மோதகம் அவிக்கிறது இந்தக் கை. மீன் வெட்டின கையாலை அவிச்சதெண்டு தெரிஞ்சால் ஆர் வாயிலை வைப்பினம்?"

"இருபது வருசத்துக்கு மேலை ஆகுது அக்கா."

"சனத்துக்கு இருபது வருசமும் நேற்றும் ஒண்டுதான்."

நான் படத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அவ அதன் ஓரத்தில் விரலை வைத்து இழுத்துப் பிடித்தா. கண்ணாடியை மூக்கில் சரிசெய்தா. பிறகு, மச்சாள், உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது:

"ராணியின்ரை வெட்டைப் பார். வால் பக்கத்திலை எவ்வளவு சதையை விட்டிருக்கிறாள். நான் எத்தினை தரம் சொன்னனான், கத்தியைச் சரிச்சுப் பிடி, சரிச்சுப் பிடி எண்டு."

பேப்பருக்குப் பின்னால் சிறீ அண்ணை இருமினார். அக்கா படத்தை என் பக்கம் தள்ளினா.

"எண்டாலும் ஏலாது. வடையைச் சாப்பிடு."

சாப்பிட்டேன். வந்தேன்.

கஜேந்தினி


பேர்கன்
7 மார்ச் 2025

கஜி,

வால் பக்கத்துச் சதையோ? சதையோ?! என் வெட்டைக் குறை சொல்ல அவ ஆர்? அந்த மீனின் வாலே அப்படி. நான் ஒஸ்லோவுக்கு வாறேன். அவவிடம் நேரே கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டாதே. இங்க்ரிட் வெளியே காட்ட வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் படத்தை எங்கள் பழைய ஸ்டோர்விக் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும், ஒரே ஒரு தடவை, போட்டேன். இப்போது தெரொன்ட்ஹைமிலிருந்து ஒருத்தி எனக்கே அதைத் திருப்பி அனுப்பி, "இது ஆற்றை கை தெரியுமோ?" என்று கேட்கிறாள். ஒஸ்லோவுக்கும் வந்திருக்கும். கமலாதேவி அக்காவின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சத்தியமாக.

மார்ச் முடியப் போகிறது. இங்க்ரிட் தினமும் கேட்கிறாள். என்ன சொல்ல?

ராணி


ஹொல்ம்லியா
23 மார்ச் 2025

மச்சாளுக்கு,

வராதீர்கள், தேவையில்லை. திட்டவேண்டியதைக் கடைசியில் திட்டுகிறேன். முதலில் இதைக் கேளுங்கள்.

நேற்றுக் காலை கமலாதேவி அக்கா தொலைபேசி எடுத்தா. வணக்கம் இல்லை, சுகம் கேட்கவில்லை. "பிள்ளை, உந்தக் கடதாசியைக் கொண்டு வா. பேனையும்."

பஸ்ஸில் போனால் சுற்று. இரவியை எழுப்பிக் காரில் போனோம். அக்கா வாசலிலேயே நின்றா. நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பெண்கள் பந்தி போட இருந்தார்களாம். டிலக்சி என்ற பெண்ணின் மாமியார் கைபேசியில் உங்கள் படத்தை எல்லோருக்கும் காட்டி, "இது என்ரை கை. காசிலை வரப்போகுதாம்" என்று சொல்லியிருக்கிறா. எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, ஒருத்தி அந்த மாமியாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள்.

"பிள்ளை, அவ பிளேனிலை நேரை ஒஸ்லோவிலை வந்து இறங்கினவ! பின்மார்க் வடக்கிலையோ தெற்கிலையோ எண்டு தெரியாது! அவவுக்கு ஒரு சாளையைச் செதில் எடுக்கத் தெரியாது! நான் தண்ணி வாளியைக் கீழை வைச்சிட்டுச் சொன்னன், 'அது என்ரை கை' எண்டு."

"எல்லாருக்கும் முன்னாலையோ?"

"எல்லாருக்கும் முன்னாலை. ஒரு சின்னப் பிள்ளை கேட்டுது, 'அன்ரி, நீங்கள் சைவமெல்லே?' எண்டு. 'சைவம்தான். வெட்டினனான், தின்னேல்லை' எண்டன்."

காருக்குள் இருந்து வந்த இரவி படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிறீ அண்ணையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பிறகு இவ ஐயரிட்டைப் போய்க் கேட்டவ," என்றார். "'மீன் போட்ட காசு உண்டியலுக்கை விழுமே ஐயா, குற்றமில்லையோ?' எண்டு. ஐயர் சொல்லிறார், 'விழட்டும் அம்மா, விஷ்ணுவே மீனா வந்தவர்தானே.' இவ விடேல்லை. 'ஐயா, அது விஷ்ணு. இது முருகன் கோயிலெல்லோ' எண்டு கேக்கிறா!"

"ஐயர் என்ன சொன்னவர்?"

"'மருமகன்தானே அம்மா, கோவிக்க மாட்டார்' எண்டிட்டார்."

மோதகம்? அன்றைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். அதை அக்கா இரண்டு தரம் சொன்னா.

கையெழுத்தைத் தமிழில் போட்டா. "செல்லுமோ?" என்றா. "செல்லும்" என்றேன். அங்கேயே படமெடுத்து இங்க்ரிட்டுக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி மேசையைச் சுற்றி நின்றோம். "ஆயிரம் நன்றி, இரண்டு கையெழுத்தும் வந்துவிட்டன, நண்டு தோற்றது" என்று வந்தது. அக்கா என் கையைப் பிடித்து நெரித்தா. பிடி இன்னும் இரும்பு, மச்சாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி என் திட்டு. காட்ட வேண்டாம் என்று சொன்ன படத்தை வாட்ஸ்அப்பில் போட்டது மிகப் பெரிய பிழை. நல்லதாக முடிந்ததால் அது சரியாகிவிடாது.

கஜேந்தினி

வால் பக்கத்துச் சதையைப் பற்றி அவ தன் கருத்தை மாற்றவில்லை.


பேர்கன்
9 செப்டெம்பர் 2025

கஜி!

என் கையில் இருக்கிறது! என் கையில் என் கை இருக்கிறது!

வங்கியில் கேட்டேன், அங்கே காசே வைத்திருப்பதில்லையாம். கடைகளில் கேட்டேன், சிரித்தார்கள். கடைசியில் மீன் சந்தைக்குப் போனேன். அங்கே சுற்றுலாக்காரர் இன்னும் தாள் நீட்டுவார்கள். இருநூறு குரோனர்த் தாளைக் கொடுத்துத் தேவையில்லாத இறால் வாங்கி, மிச்சக் காசில் பார்த்தால், அது! மினுங்குது! நான் கடைக்காரனிடம், "இது என் கை" என்றேன். அவன் காசைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், நான் பையை இடக்கையால் வாங்கியதைப் பார்த்தான். பிறகு இன்னொரு பொட்டலம் இறாலை எடுத்து என் பைக்குள் போட்டான்.

கமலாதேவி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தவ. ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அரை மணித்தியாலம் வாலைப் பற்றி.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். காசைப் பார்க்கும்போது எனக்கு எதிரே உன் கை இல்லை என்று மனம் ஏதோ செய்தது. உனக்குக் கவலையா?

இப்படி எழுதி எழுதி என் விரல் நோகிறது. ஐந்து வருடம் போதும். 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொலைபேசி எடுத்து வாயாலேயே கதைக்கிறேன். எடுத்தால் எடு.

ராணி


ஹொல்ம்லியா
17 செப்டெம்பர் 2025

மச்சாள்,

ஞாயிற்றுக்கிழமை எடுங்கள், கட்டாயம் எடுப்பேன். ஆனால் அதுவரை என்னால் பொறுத்திருக்க முடியவில்லை. இது இன்றைக்கு நடந்தது.

மதியச் சாப்பாட்டு வேளை. நந்திதா ஓடிவந்து என் முன்னால் ஒரு நாணயத்தை வைத்தாள். அவளுடைய கணவர் எங்கோ பெட்ரோல் நிலையத்தில் மாற்றி எடுத்தாராம். "மேடம், பின்மார்க் கெடச்சிருச்சு! அன்னிக்கு நீங்க வச்சுப் பாத்த அதே படம்! இதுல இருக்கிறது தமிழ்ப் பொம்பளைங்க கையாம், பேப்பர்ல போட்டிருக்கான். நம்மாளுங்க அங்க போயி மீன் வெட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

மேசையில் என் மேலதிகாரியும் இருந்தார். மற்றவர்களும் இருந்தார்கள். நந்திதா எல்லோருக்கும் விளங்கட்டும் என்று அதையே நோர்வேஜிய மொழியிலும் சொன்னாள். ஆகவே நானும் நோர்வேஜிய மொழியிலேயே பதில் சொன்னேன்.

"தெரியும். நானும் அங்கே நான்கு வருடம் மீன் வெட்டினேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேலதிகாரி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். தன் தாயும் வடக்கே லோஃபோத்தன் தீவுகளில் மீன் வெட்டியவர் என்றார். பத்து வருடமாக எதிரெதிரே இருந்து சாப்பிடுகிறோம், இது எனக்குத் தெரியாது. எந்தக் கத்தி, எவ்வளவு பெரிய மீன், குளிரில் விரல் எப்படி இருக்கும் என்று கேள்விக்கு மேல் கேள்வி. நான் எழுந்து நின்று பாண் வெட்டும் கத்தியால் காட்டிக்கொண்டிருந்தேன். நான், மச்சாள்!

நந்திதா நாணயத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். "அப்ப இதுல எந்தக் கை உங்களோடது?"

கேட்டீர்களே, கவலையா என்று. அந்த நேரத்தில் எனக்குக் கவலை வரவில்லை.

"இதிலை இல்லை. இடக்கை என்ரை மச்சாள். வலக்கை கமலாதேவி எண்டு ஒரு அக்கா. நான் படத்துக்கு வெளியிலை. வலப்பக்கம், புழு பாக்கிற மேசையிலை."

அவள் நாணயத்தின் வலது விளிம்பை நகத்தால் தொட்டாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி," என்றேன்.

உங்கள்
கஜி